பருவமழை சமூகத்துக்கு உடையார்பாளையத்தார் மனு

அனுப்புநர்: ஓட்டு வீடு, கூரை வீடு, தறி வீடு, தவணை முடியாத காங்கிரீட் வீடு ஆகியவற்றில் குடியிருப்போர், உடையார்பாளையம், அரியலூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு வடகிழக்குப் பருவமழை அவர்கள், வங்காள விரிகுடா.

பொருள்: வீட்டுக்குள் வரும்போது காப்பீட்டு விதிகளுக்கு உட்பட்டு வரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்களது கடந்த ஆண்டு வருகை.

ஐயா,

தாங்கள் ஐப்பசியில் கிளம்பி எங்கள் ஊர்ப் பக்கம் வந்துபோவதில் எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. தாங்கள் வராத வருஷங்களில் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடியவர்களும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றித் தங்களைக் கூப்பிட்டவர்களும் நாங்கள்தான். எங்கள் குறையெல்லாம் தாங்கள் வரும் முறையைப் பற்றியது. தாங்கள் பாலிசியைப் படிக்காமல் வருகிறீர்கள்.

நாங்களும் படித்ததில்லை. எங்களுக்கு அதை விற்றவரும் படித்ததில்லை. வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அச்சடித்திருந்தால் எழுத்தை அந்த அளவுக்குப் பொடியாக்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பாதிப்பை ஏற்படுத்துகிறவர் என்ற முறையில் தங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. எனவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வீடுகளுக்கு ஒரே மாதிரியான பாலிசியைக் கொண்டுவந்தது. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. ஏப்ரல் முதல் தேதி என்று சிரிக்கக் கூடாது. அது நிதியாண்டின் முதல் நாளும்கூட. நியாயமாகப் பேசினால், காகிதத்தில் அது மோசமான பாலிசி அல்ல. கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்ச ரூபாய்க்கு மிகாமல், தானாகவே பாதுகாப்பு வந்துவிடும். ‘வீட்டைக் குறைத்து மதிப்பிட்டு எடுத்தாய், அதனால் இழப்பீட்டிலும் குறைப்போம்’ என்று வெட்டுகிற பழைய பழக்கத்தையும் கைவிட்டார்கள். நல்ல காங்கிரீட் வீட்டுக்கு வருஷத்துக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வசதி உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம், தடுக்க மாட்டோம்.

அதில் எதற்கெல்லாம் பாதுகாப்பு உண்டு என்று கேளுங்கள். தீ, இடி, நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தாலும் நிரம்பி வழிந்தாலும் உண்டு. கூரையில் பொருத்திய தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் கசிந்தால் உண்டு. ஏவுகணைச் சோதனையால் சேதம் வந்தால் அதற்கும் உண்டு.

ஆக, உடையார்பாளையத்தில் ஒரு வீட்டின் மேல் ஏவுகணை தவறி விழுந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அதே வீட்டுச் சுவர் மூன்று கார்த்திகையாக ஓதம் ஏறி, காரை உதிர்ந்து, நாலாவது கார்த்திகையில் உட்கார்ந்துவிட்டால் அது பராமரிப்பின்மை. தெளிப்பான் கசிந்தால் பணம், ஓடு கசிந்தால் பாத்திரம். எங்கள் வீட்டு மோட்டுவளையில் பொருத்தப்பட்டிருப்பது பல்லி மட்டுமே என்பதையும், அது இதுவரை கசிந்ததாகப் புகார் இல்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆகவே தங்களுக்கு முதல் வேண்டுகோள்: தயவுசெய்து மெதுவாக வராதீர்கள். ஊறல், கசிவு, நாள்பட்ட ஈரம், தேய்மானம் இவற்றையெல்லாம் காப்பீட்டுக்காரர்கள் விபத்தாகவே கருதுவதில்லை. தாங்கள் ஒரே ராத்திரியில் அடித்துப் புரட்டி, கதவைப் பெயர்த்து, பீரோவை மிதக்கவிட்டால் தாங்கள் வெள்ளம். பத்து நாள் நசநசவென்று பெய்து மண்சுவரைக் கரைத்தால் தாங்கள் யாருமில்லை. முடிந்தால் பெயரோடு வாருங்கள். தானே, கஜா, மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த புயல்களுக்குக் கிடைத்த மரியாதை வேறு. விதியில் பெயர் கேட்கவில்லைதான். ஆனால் பெயரில்லாத மழைக்கு அமைச்சரும் வருவதில்லை, கேமராவும் வருவதில்லை.

இரண்டாவது வேண்டுகோள் கூரை வீடுகளைப் பற்றியது. சுவரோ கூரையோ ஓலை, புல், வைக்கோல், மூங்கில், பலகை, தார்ப்பாய், பிளாஸ்டிக் இவற்றால் ஆனதாக இருந்தால் காப்பீட்டு மொழியில் அது ‘கச்சா’ கட்டடம். அதற்குப் பாலிசி எழுத பல நிறுவனங்களுக்கு மனம் வருவதில்லை. அவர்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. நனையக்கூடிய வீட்டுக்கு நனைவதற்கு எதிராகக் காப்பீடு கொடுத்தால் நஷ்டம் வந்துவிடுமே! நனையாத வீட்டுக்குக் கொடுப்பதுதான் தொழில். எங்கள் மாவட்டத்தில் தோண்டுகிற இடமெல்லாம் சுண்ணாம்புக்கல். அரசு ஆலை, தனியார் ஆலை என்று சிமெண்ட் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. லாரி லாரியாக ஊரூருக்குப் போகிறது சிமெண்ட். அந்த லாரி கிளப்புகிற புழுதி படிவது எங்கள் கீற்றின் மேல்.

குடிசையில்லாத தமிழ்நாட்டை 2030க்குள் உருவாக்குவதாக அரசு சொல்லி, கலைஞர் கனவு இல்லம் என்று வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. நல்ல காரியம், கிடைத்தவர்கள் கட்டுகிறார்கள். கிடைக்காதவர்கள் பட்டியலில் பெயர் தேடுகிறார்கள். பட்டியல் முடியும்வரை குடிசைகளின் மேல் மட்டும் பெய்வதைத் தள்ளிவைக்க முடியுமா என்று பரிசீலிக்கவும்.

அடுத்து தறி வீடு. இதைத் தாங்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பட்டு நெய்கிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. குழித்தறி என்றால் தரையில் பள்ளம் தோண்டி, நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்வது. பள்ளம் எங்கே என்று தங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் முழங்கால் அளவு நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்துக் காலி மனையில் நாலு நாள் தேங்கினால் போதும், மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து குழிக்குள் ஊற்றெடுத்து விடுகிறீர்கள். காலையில் வாளியால் இறைத்துக் கொட்டினால் மத்தியானம் மறுபடி கணுக்கால் வரை. பாவு ஓதம் ஏறுகிறது, ஜரிகை கறுக்கிறது, மரச்சாமான் உப்பி நாடா ஓட மறுக்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு நெய்யாத நாளில் கூலி இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் அது மட்டும் நனையாமல் அப்படியே இருக்கிறது.

இவர் ஏதோ ஒரு பாலிசி வைத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சேதத்தை மதிப்பிட சர்வேயர் வந்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

“தண்ணி வாசல் வழியா வந்துச்சா?”

“இல்லீங்க சார், கீழேருந்து வந்துச்சு.”

“கீழேருந்து வந்தா அது வெள்ளம் இல்லம்மா, ஊத்து.”

“வெளிய மழை பேஞ்சுதானே சார் உள்ள ஊறுது?”

“அது சரி. இது வீடா, தொழில் செய்யற இடமா?”

“வீடுதான் சார்.”

“தறி இருக்கே?”

“தறி இருக்கறதாலதான் சார் வீடு இருக்கு.”

இந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. வீட்டுக்கு கிருஹ ரக்ஷா. சிறு தொழிலுக்கு அதே நாளில் கொண்டுவந்த இன்னொரு பாலிசி இருக்கிறது, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. உடையார்பாளையத்துப் பாட்டி ஒருத்தி இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அவளுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி கொடுக்க வேண்டும். சமையல் நடக்கிற மூலை கிருஹம், தறி கிடக்கிற மூலை உத்யமம், நடுவே தொட்டில் கட்டியிருக்கிற உத்திரம் எந்தப் பாலிசி என்று தெரியவில்லை. தாங்கள் உள்ளே வரும்போது இந்த எல்லைக்கோட்டைக் கவனித்து, பாதித் தண்ணீர் வீட்டிலும் பாதி தொழிலிலுமாகப் பிரிந்து நின்றால் கணக்கு எழுத வசதி. இதில் இன்னொன்றும் உண்டு. சர்வேயர் மதிப்பிடுவது சேதத்தை. நெய்யாமல் போன நாட்களுக்கு அவர் கையில் அளவுகோல் இல்லை. தறி உடையவில்லை, குடும்பம்தான் உடைந்தது. அது இணைப்பில் சேராது.

இனி, காப்பீடு நிச்சயமாக உள்ள வீடுகளுக்கு வருகிறோம். வங்கிக் கடன் வாங்கிக் கட்டியவை.

கடன் பத்திரத்தில் பென்சிலால் குறித்த இடமெல்லாம் கையெழுத்துப் போடுகிற அந்த நல்ல நாளில், நடுவே எங்கேயோ ஒரு கையெழுத்து காப்பீட்டுக்கும் விழுந்துவிடுகிறது. பிரீமியம் கணக்கிலிருந்து போய்விடும், அல்லது கடனோடு சேர்ந்து வட்டியும் ஏறும். பாலிசிக் காகிதம் வங்கிக் கோப்புக்குள் உறங்கும். தன் வீட்டுக்குக் காப்பீடு இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்காகப் பிரீமியம் கட்டுகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். தாங்கள் உள்ளே வந்த அன்று அவர்கள் மெத்தையைக் காயப்போட ஓடுகிறார்களே தவிர, உடனே தகவல் சொல்லி ‘கிளைம்’ எண் வாங்க வேண்டும் என்று யோசிப்பதில்லை. யோசிக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை. விற்கும்போது வீடு தேடி வருகிற தொலைபேசி, வெள்ளத்தன்று மட்டும் தொடர்பு எல்லைக்கு வெளியே நிற்கிறது.

தெரிந்து, கேட்டு, கிடைத்தாலும் இழப்பீட்டில் முதல் உரிமை வங்கிக்கு. அடமானம் வைத்த சொத்து அல்லவா? பாலிசியிலேயே வங்கியின் பெயர் ஏறியிருக்கும். அது காப்பது வீட்டை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், காப்பது கடனை. நாங்கள் அந்தக் கடனுக்குக் காவல் இருக்கிற வாட்ச்மேன்கள், சம்பளம் நாங்களே கொடுத்துக்கொள்கிற வாட்ச்மேன்கள். இதில் அரசுக்கும் பங்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. உயிர் அத்தியாவசியம், உடம்பு அத்தியாவசியம். தலைக்கு மேல் கூரை ஆடம்பரம் போலிருக்கிறது.

ஆவணம் கேட்பார்கள். மிக்ஸி வாங்கிய பில், மெத்தை வாங்கிய பில், வீட்டுப் பத்திரம், அடையாள அட்டை, நனைவதற்கு முன் படம், நனைந்த பின் படம். பணத்தாள், பத்திரம், ஆவணம் இவை நனைந்து அழிந்தால் பாலிசியில் இழப்பீடு இல்லை. ஆனால் இழப்பீடு கேட்க அவைதான் வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிய மூளைக்கு எங்கள் ஊர் பயறணீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்ய ஏற்பாடு நடக்கிறது.

காப்பீடே இல்லாதவருக்கு அரசு நிவாரணம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022இல் வகுத்த விகிதப்படி, சமவெளியில் வீடு முழுதாக இடிந்தால் 1,20,000 ரூபாய். பகுதி சேதம் என்றால் பக்கா வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. குடிசை போனால் 8,000. பகுதி சேதத்துக்கு ஒரு நிபந்தனை: குறைந்தது 15 சதவீதமாவது சேதமடைந்திருக்க வேண்டும். 14 சதவீதம் இடிந்த வீட்டில் இருப்பவர்கள் மீதி ஒரு சதவீதத்தைத் தாங்களே கடப்பாரையால் முடித்துக்கொள்ளலாமா என்று விதியில் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் வந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்து, “பன்னெண்டு பர்சன்ட் இருக்கும்” என்று சொல்லுகிற அந்தக் கணத்தில் எங்களுக்குக் கணிதத்தின் மேல் இருந்த நம்பிக்கை போகிறது. அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு இப்படி எத்தனை சுவர்களோ. 15 என்று எழுதியவர் யாரோ, அவர் வீட்டுச் சுவரை நாங்கள் பார்க்க ஆசைப்படுகிறோம்.

வயலுக்கும் இதே கதை. நெல் தண்ணீரில் நிற்கிற பயிர் என்பதால், அது மூழ்குவது அதன் சம்மதத்தோடு நடக்கிற காரியம் என்று டெல்லியில் நினைத்துவிட்டார்கள் போல. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு விவசாயியின் வயல் மட்டும் தனியாக மூழ்கினால் கொடுக்கும் இழப்பீட்டுப் பிரிவிலிருந்து நெல்லை 2018இல் நீக்கினார்கள். மூழ்கிய பயிரை மதிப்பிடுவது கடினமாம். அதோடு ஆட்கள் அதைத் தவறாகப் பயன்படுத்திக்கொள்ளும் அபாயமும் உண்டாம். அதாவது தா.பழூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நள்ளிரவில் எழுந்து கொள்ளிடத்தைத் தன் வயலுக்குள் திருப்பிவிட்டு, காலையில் வந்து அழுது காட்டிக் காசு வாங்குவார். இடையில் எட்டு ஐப்பசி போனது. 2025 நவம்பரில் மனமிரங்கி, 2026 காரீப் பருவத்திலிருந்து நெல்லை மறுபடி சேர்ப்பதாக அறிவித்தார்கள். இடையில் மூழ்கியவர்கள் மூழ்கியவர்களே.

நகரத்தாருக்கு மட்டும் எல்லாம் கிடைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் மாடி வரை ஏறியது. இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே பின்னால் சொன்னது. காப்பீட்டு நிறுவனங்களுக்கு வந்த கோரிக்கை ஐயாயிரம் கோடி ரூபாயை ஒட்டி. அதில் பெரும்பங்கு தொழிற்சாலை, கடை, வாகனம். வீடுகள் பெரும்பாலும் காப்பீடே இல்லாமல் மூழ்கியிருந்தன. வாகனத்துக்கு எடுத்திருந்தவர்களுக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. தண்ணீரில் நின்ற காரை வெளியே எடுக்க ஸ்டார்ட் செய்திருந்தால், எஞ்சின் கெட்டது தண்ணீரால் அல்ல, சாவியைத் திருகிய உன் விரலால். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு வாங்காதவர்கள் அங்கேதான் அந்தச் சொற்றொடரைக் கற்றார்கள்: ‘விளைவு வழிச் சேதம்’. ஏரியைத் திறந்தவர் விரலுக்கு அப்படி ஒரு சொற்றொடரை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் மனுவின் பணிவு கொஞ்சம் குறைவதற்குத் தாங்கள் மன்னிக்க வேண்டும்.

தாங்கள் வீட்டுக்குள் வருவது தங்கள் குற்றமா? தாத்தா காலத்தில் வாசலில் படி ஏறி வீட்டுக்குள் போனோம். இப்போது தெருவிலிருந்து இறங்கிப் போகிறோம். வீடு தாழவில்லை, ரோடு வளர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஓர் அடுக்கு. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், இல்லையென்றால் வீடுகளுக்குள் தண்ணீர் புகும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்குக் கடிதமே எழுதினார். கடிதத்தைச் சுரண்டாமல் அதன் மேல் அடுத்த கடிதத்தைப் போட்டிருப்பார்கள். வாய்க்கால் இருந்த இடத்தில் மனைப்பிரிவு. ஏரிக்குள் அரசுக் கட்டடம். இதற்கு முன்மாதிரி தலைநகரிலேயே உண்டு: நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. நீரின்றி உலகமே இல்லை என்றவருக்கு நீரை அப்புறப்படுத்திவிட்டு மண்டபம் கட்டிய ஊர் இது. பிறகு பேரூராட்சிகளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

தண்ணீரை வாங்கிக்கொண்டவன் படிவம் எழுத வேண்டும். எந்த வழியாக வந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம், அதற்கு முன் சுவர் எப்படி இருந்தது, ஏன் முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை. தண்ணீரை அனுப்பியவன் எதுவும் எழுத வேண்டாம். ரோட்டை உயர்த்தியவருக்குப் பில் பாஸ் ஆகிறது. வாய்க்காலை மனையாக்கியவருக்குப் பட்டா ஆகிறது. மனைக்குக் கடன் கொடுத்தவருக்கு வட்டி வருகிறது. கடனுக்குக் காப்பீடு விற்றவருக்குக் கமிஷன் வருகிறது. கடைசியில் வெள்ளம் வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் கையைத் தூக்கி மேலே காட்டுகிறார்கள்: கடவுள் செயல். இத்தனை பேர் கைவைத்த காரியத்துக்குக் கடவுளிடம் மட்டும் ரசீது கேட்கிறார்கள்.

இந்த மண்ணுக்குத் தண்ணீர்க் கணக்கு புதிதும் அல்ல. இங்கிருந்து ஜெயங்கொண்டம் தாண்டிப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை போய் வென்ற ராஜேந்திரன் வெற்றித்தூணைக் கல்லால் நடாமல் தண்ணீரால் எழுப்பினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிற சோழகங்கம் ஏரி அங்கேதான் இருக்கிறது. தண்ணீரை நிறுத்திவைக்கத் தெரிந்த அரசு. எண்ணூறு வருஷம் கழித்து, 1836இல், கொள்ளிடத்தில் கீழணை கட்ட வெள்ளைக்காரப் பொறியாளர்கள் வந்தார்கள். கல் தேவைப்பட்டது. கோயிலின் சுற்றுச்சுவரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித்தருவதாக ஊராருக்கு வாக்குக் கொடுத்தார்களாம். கருங்கல் போனதற்குச் செங்கல் வாக்குறுதி! இந்தத் தாலுகாவில் நடந்த முதல் இழப்பீட்டுத் தீர்வு அதுவாகத்தான் இருக்க வேண்டும். சர்வேயர்கள் அன்றிலிருந்து அந்த விகிதத்தைப் பின்பற்றுகிறார்கள்.

1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் பாலத்தை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் கவிழ்ந்தது. நூற்றைம்பது பேர் அளவுக்கு மாண்டார்கள். தண்டவாளத்தை லால் பகதூர் சாஸ்திரி அரித்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அவரும் கடவுளைக் காட்டியிருக்கலாம், மருதையாற்றைக் காட்டியிருக்கலாம், பாலம் கட்டிய வெள்ளைக்காரனைக் காட்டியிருக்கலாம். எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் ஒரு மத்திய அமைச்சரைப் பதவி விலக வைத்திருக்கிறது என்பதை நாங்கள் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறோம். இப்போது ஒரு உதவிப் பொறியாளரின் மதிய உணவைக்கூட அதனால் தள்ளிப்போட முடியவில்லை. (அதே நவம்பர் 23இல், 2007ஆம் வருஷம், அரியலூர் மாவட்டம் இரண்டாவது முறையாகப் பிறந்தது. 2001இல் உண்டாக்கினார்கள், 2002இல் கலைத்தார்கள், 2007இல் மறுபடி உண்டாக்கினார்கள். மாவட்டத்துக்கே நிலைத்த முகவரி இல்லாத இடத்தில் பாலிசிக்கு முகவரிச் சான்று கேட்கிறார்கள்.)

நிறுவனம் மறுத்துவிட்டால் முறையீடு செய்ய வழி இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, சிலருக்கு நியாயமும் கிடைத்திருக்கிறது. அலுவலகம் சென்னையில். உடையார்பாளையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். தபாலிலும் அனுப்பலாம், இணையத்திலும் அனுப்பலாம். முதலில் மறுப்புக் கடிதம் வேண்டும், அல்லது நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டும் ஒரு மாதம் பதில் வராமல் இருக்க வேண்டும். மறுப்பைக் கடிதமாகத் தராமல், “பாக்கறோம், சொல்றோம்” என்று தொலைபேசியிலேயே ஓட்டுகிற கலையில் தேர்ந்தவர்களை எப்படி எழுதவைப்பது என்பதற்கு இன்னும் குறைதீர்ப்பாளர் நியமிக்கப்படவில்லை.

ஆகவே, உயர்திரு பருவமழை அவர்கள் இந்த ஆண்டு வரும்போது, ஊறாமல், கசியாமல், ஒரே வீச்சில், வாசல் வழியாக மட்டும், பட்டப்பகலில், படம் எடுக்க வெளிச்சம் உள்ளபோது வருமாறும், தறிக்குழியைத் தவிர்க்குமாறும், ஓலையைத் தொடாமல் காங்கிரீட்டின் மேல் மட்டும் பெய்யுமாறும், சுவரை இடிப்பதானால் 15 சதவீதத்துக்குக் குறையாமல் இடிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். இவற்றில் ஏதும் தங்களால் இயலாது என்றால், எங்களுக்குச் சங்கடமில்லை. தங்களுக்கு எழுத்தறிவு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். எழுத்தறிவு உள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் தங்களிடம் வந்தோம்.

இப்படிக்கு,
உடையார்பாளையத்தார்.

நகல்: சாலையைச் சுரண்டாமல் உயர்த்தியவருக்கு, அந்த வேலையை அளந்து பார்த்துத் திருப்தி என்று எழுதியவருக்கு, வாய்க்காலை மனையாகப் பிரித்தவருக்கும் அதற்கு அங்கீகார முத்திரை குத்தியவருக்கும், சொல்லாமல் பாலிசி விற்றவருக்கு. தகவலுக்காக அல்ல. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று இந்தமுறை அவர்கள் எழுதித் தரட்டும்: இரண்டு பிரதி, புகைப்படத்துடன், ஏழு நாட்களுக்குள்.